வறுமையையும் புரோட்டோகாலில் எழுதுங்கள்: குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம்.

குழந்தைகளின் புற்றுநோய்க்கு எந்த மருந்தை, எந்த அளவில், எந்த நாளில், எத்தனை மாதத்துக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறவர்கள் நீங்கள். நாட்டுக்கு நாடு உங்கள் குழுக்களின் பெயர் மாறும், வேலை ஒன்றுதான். நீங்கள் எழுதும் ஆவணத்தைத்தான் வார்டில் எல்லோரும் புரோட்டோகால் என்கிறார்கள். அதில் இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது.

நான் மருத்துவன் இல்லை. குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் படிவம் நிரப்பித் தருவது, டாக்டர் சொன்னதை வீட்டாருக்குப் புரியும்படி திருப்பிச் சொல்வது, பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடுவது போன்ற வேலைகளைச் செய்யும் தன்னார்வலன். உங்கள் ஆய்வுக் கட்டுரைகளை அகராதியும் கையுமாகப் படிக்கப் பழகியவன். இந்த மடல் சுகாதார அமைச்சர்களுக்குப் போக வேண்டியது என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர்களுக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால் உங்களுக்கு.

கேட்பது ஒன்றுதான். ஒரு குழந்தைக்கு நோய் கண்டறிந்த நாளில் ரத்தத்தில் உள்ள வெள்ளணு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வது போல, அந்தக் குடும்பத்தின் வறுமையையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளணு அதிகம் இருந்தால் சிகிச்சையை மாற்றுகிறீர்களே, அதுபோல வறுமைக்கும் சிகிச்சை எழுதுங்கள். சமூக சேவகரின் நல்ல மனதை நம்பி விட்டுவிடாமல், புரோட்டோகாலிலேயே எழுதுங்கள்.

உங்கள் சாதனையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. 1947-48-இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் மருந்தை லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த மருந்து எல்லப்பிரகட சுப்பாராவின் மேற்பார்வையில் உருவானது. (ஹார்வர்டில் நிலையான பதவி மறுக்கப்பட்டு மருந்து நிறுவனம் ஒன்றுக்குப் போன புலம்பெயர்ந்த விஞ்ஞானி அவர். ஏற்றத்தாழ்வைப் பற்றிய மடலில் அவர் பெயர் வருவது பொருத்தம்தான்.) 1962-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை திறந்தபோது, குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் பிழைத்தவர்கள் 4 சதவீதம். இன்று வசதியான நாடுகளில் அது 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. இத்தனைக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை 1970-களுக்கு முன்பே இருந்தவை. அவற்றை எப்படிச் சேர்ப்பது, யாருக்குக் கூட்டுவது, யாருக்குக் குறைப்பது என்று ஒவ்வொரு தலைமுறைக் குழந்தைகளின் கணக்கையும் பொறுமையாக எழுதிவைத்துத்தான் இங்கே வந்து சேர்ந்தீர்கள். வயதை எழுதினீர்கள், வெள்ளணுவை எழுதினீர்கள், குரோமோசோம் மாற்றங்களை எழுதினீர்கள். முதல் மாத முடிவில் எலும்பு மஜ்ஜையில் பத்தாயிரத்தில் ஒரு புற்றணு மிச்சமிருந்தால்கூட எழுதினீர்கள்.

பத்தாயிரத்தில் ஒன்றைத் தேடிப்பிடிக்கிற நீங்கள், வீட்டில் இந்த மாதம் அரிசி பருப்பு வாங்கப் பணம் இருக்கிறதா என்ற கேள்வியைப் பல பத்தாண்டுகளாகக் கேட்கவே இல்லை.

உலக அளவிலான படம் உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. 2010 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளின் கணக்கில், லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் ஃபின்லாந்தில் 95 சதவீதம், ஈக்வடாரில் 50 சதவீதம். இதுவும் பதிவேட்டில் பெயர் ஏறியவர்களின் கணக்குதான். 2015-ஆம் ஆண்டை வைத்துச் செய்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் அந்த ஆண்டு புற்றுநோய் வந்த 3,97,000 குழந்தைகளில் 2,24,000 பேருக்குத்தான் நோய் கண்டறியப்பட்டது. மற்றவர்கள் காய்ச்சல் என்றோ காசநோய் என்றோ ரத்தசோகை என்றோ ஏதோ ஒரு பெயரில் போய்விட்டார்கள். அல்லது எந்தப் பெயரும் இல்லாமலேயே.

ஒரே ஒரு புற்றுநோயைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ரெட்டினோபிளாஸ்டோமா, சின்னக் குழந்தைகளின் கண்ணில் வருவது. கண்மணி கறுப்பாகத் தெரியாமல் வெளிச்சத்தில் வெள்ளையாகப் பளபளக்கும். பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான் முதலில் பார்ப்பார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு டார்ச் போதும். 2017-இல் 153 நாடுகளில் புதிதாகக் கண்டறியப்பட்ட 4,351 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டிப் பார்த்தார்கள். வசதியான நாடுகளில் குழந்தை மருத்துவரிடம் வந்து சேர்ந்த வயதின் இடைநிலை 14 மாதம். மிக ஏழை நாடுகளில் 30 மாதம். இந்த 16 மாத இடைவெளியில் கட்டி கண்ணை விட்டு வெளியே வந்துவிடுகிறது. வசதியான நாடுகளில் அப்படி வந்தவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர், ஏழை நாடுகளில் ஏறத்தாழ பாதிப் பேர். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் முதல் வகை நாடுகளில் 99 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள், இரண்டாம் வகையில் 57 சதவீதம். இந்த நோய் எல்லா இனத்திலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் வருகிறது. அதனால் இங்கே மரபணு மேல் பழிபோட வழியில்லை. அம்மா பார்த்த நாளுக்கும் அறுவை அரங்குக்கும் நடுவே இருப்பது தூரமும் செலவும்தான். கண்ணை எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்பதை யாரும் உட்கார்ந்து விளக்காததும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

சரி, இது நாடுகளுக்கு இடையிலான வித்தியாசம், அரசாங்கங்களின் பாடு என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் உங்கள் சொந்த வார்டுக்குள் வருவோம்.

பாஸ்டனில் டானா ஃபார்பர் மையம் நடத்திய லுகேமியா ஆய்வுகளில் 2000 முதல் 2010 வரை சேர்ந்த குழந்தைகளின் விவரத்தை அங்குள்ள மருத்துவர் கைரா போனாவும் அவருடைய குழுவினரும் 2016-இல் அலசினார்கள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே புரோட்டோகால், ஒரே மருந்து, தேர்ந்த மருத்துவர்கள். வறுமை மிகுந்த பகுதிகளிலிருந்து வந்த குழந்தைகளில் ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 85 சதவீதம், மற்றவர்களில் 92. அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு எண். நோய் திரும்பி வந்த ஏழைக் குழந்தைகளில் 92 சதவீதம் பேருக்கு அது சீக்கிரமே, மூன்று ஆண்டுக்குள் திரும்பியது. மற்றவர்களில் 48 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. சீக்கிரம் திரும்புகிற நோய் எவ்வளவு பொல்லாதது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆபத்து அதிகமுள்ள (ஹை ரிஸ்க்) நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்பணுப் புற்றுநோயிலும் இதே கதை. உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டும் இம்யூனோதெரபி கொடுத்த ஆய்வுகளில் அதே மருந்தை, அதே கட்டுப்பாட்டில் பெற்ற ஏழைக் குழந்தைகள், மற்றவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளில் ஒன்றை நரம்பு வழியாக ஏற்றிவிட்டு, அந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்று பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

மருத்துவச் செலவை வரிப்பணத்தில் அரசே ஏற்கும் நார்வேயில்கூட, பெற்றோரின் கல்வியைப் பொறுத்துக் குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு மாறுவதாக ஆய்வு வந்திருக்கிறது. பில் கட்ட வேண்டியதில்லை என்றாகிவிட்டால் மட்டும் ஏற்றத்தாழ்வு போய்விடாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது? வார்டில் கொஞ்ச நாள் இருந்தாலே பாதி விடை தெரிந்துவிடும். உங்கள் புரோட்டோகால்கள் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. வெள்ளணு எண்ணிக்கை குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால் உடனே, எந்த நேரமானாலும், மருத்துவமனைக்கு வர வேண்டும், வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்கிறீர்கள். மருத்துவரீதியாக அது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த ஒரு வரிக்குள் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். வீட்டில் தெர்மாமீட்டர், நள்ளிரவில் வண்டி, வண்டிக்குப் பணம், மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெரியவர், மறுநாள் வேலைக்குப் போகாவிட்டாலும் வேலை பறிபோகாது என்ற உறுதி, இதெல்லாம் போக, போனை எடுத்து விஷயத்தைச் சொல்ல மருத்துவமனையில் பேசும் மொழி. இவை ஆறும் உள்ள குடும்பத்துக்கு ஒரு புரோட்டோகால். இல்லாத குடும்பத்துக்கும் அதே புரோட்டோகால்தான், ஆனால் அது காகிதத்தில் மட்டும்.

மெயின்டனன்ஸ் காலத்தை, அதாவது நோய் தணிந்த பிறகு திரும்பாமல் இருக்க மருந்து தொடரும் காலத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். லுகேமியா சிகிச்சையில் பெரும்பகுதி மருத்துவமனையில் நடப்பதில்லை, வீட்டில்தான் நடக்கிறது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை. பார்க்க ஆரோக்கியமாக, விளையாடிக்கொண்டு, முடி முளைத்துவிட்ட குழந்தைக்குத் தினமும் கசப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். மாத்திரைக் குப்பியின் மூடியில் சின்ன எலக்ட்ரானிக் சிப் வைத்து, எந்த நாளில் திறந்தார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ஸ்மிதா பாட்டியாவின் குழு கணக்கெடுத்தது. மருந்தில் 95 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல். 95 சதவீதம் என்றால் கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. முப்பது நாளில் இரண்டு மாத்திரை தவறினாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவோம். அமெரிக்காவில் ஹிஸ்பானிக், கறுப்பின, ஆசியக் குடும்பங்களில் தவறுவது அதிகமாக இருந்தது. தாய் ஒற்றையாளாக வளர்க்கும் வீடுகளில் இன்னும் கூடுதல். இரவு ஷிஃப்டுக்குப் போகும் அம்மா, பத்து வயது அக்காவிடம் தம்பிக்கு மாத்திரை கொடுக்கச் சொல்லிவிட்டுப் போகிறாள் என்றால் அதை அலட்சியம் என்று ஃபைலில் எழுதாதீர்கள். அந்த வார்த்தையை ஃபைல்களில் நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் கெட்டவர் இல்லை, அன்று அவர் பார்த்த முப்பதாவது குழந்தையாக இருந்திருக்கும்.

இனி இனம். இங்கே கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் சறுக்கும் இடம் இது.

ஒரு பக்கம், எல்லாவற்றையும் மரபணு மேல் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுவது. அதற்கு எதிரான சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. செயின்ட் ஜூடில், குடும்பத்திடம் காசு வாங்காமல் எல்லோருக்கும் ஒரே தீவிர சிகிச்சை தரும் இடத்தில், கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் லுகேமியாவிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவில், 80 சதவீத அளவில் நோய் திரும்பாமல் ஐந்தாண்டு கடந்தார்கள் என்று அங்குள்ள மருத்துவர் சிங்-ஹோன் புய்யின் குழு 2003-இல் வெளியிட்டது. அதே காலத்து அமெரிக்க தேசியக் கணக்கில் இரண்டு தரப்புக்கும் நடுவே தெளிவான இடைவெளி இருந்தது. 2018-இல் வந்த இன்னொரு அலசல், லுகேமியாவில் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சமூகப் பொருளாதார நிலையிலிருந்து வருவதாகச் சொன்னது. மற்ற பாதியையும் உடனே ரத்தத்தில் தேடப் போக வேண்டாம். பாகுபாடு, மொழி, தாமதமான ரெஃபரல் எல்லாம் அந்தக் கணக்கில் அளக்கப்படாமல் நிற்கின்றன.

இன்னொரு பக்கம், உடலியல் வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்வது. அதுவும் குழந்தைகளைக் கொல்லும். அமெரிக்கப் பூர்வகுடி மரபு கூடுதலாக உள்ள குழந்தைகளுக்கு, அதாவது லத்தீன் அமெரிக்கப் பின்னணி உள்ள பலருக்கு, லுகேமியா திரும்பும் ஆபத்து அதிகம் என்று 2011-இல் மரபணு ஆய்வு காட்டியது. ஆனால் அதே ஆய்வின் இரண்டாவது பாதிதான் எனக்குப் பிடித்தது. கீமோவில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்தபோது அந்தக் கூடுதல் ஆபத்து மறைந்துபோனது. பிறப்போடு வந்த ஆபத்தைக்கூட, கண்டுகொண்டால், சிகிச்சையை மாற்றிச் சமாளிக்க முடிகிறது.

கண்டுகொள்வதுதான் பிரச்சினை. மெர்காப்டோபியூரின் சிலருக்கு விஷமாக மாறுவதற்குக் காரணமான டிபிஎம்டி நொதியின் மரபு வேறுபாடு 1980-லேயே விளக்கப்பட்டுவிட்டது. கிழக்காசியக் குழந்தைகளும் லத்தீன் அமெரிக்கக் குழந்தைகளும் அதே மருந்தில் ஏன் துவண்டுபோகிறார்கள் என்பதற்கு அது சரியான விடையாக இல்லை. அவர்களுக்கான விடை, நட்15 என்ற மரபணு, 2014-இலும் 2015-இலும்தான் வெளிவந்தது. அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் மாறியிருக்கும் குழந்தைகளால் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்க முடியவில்லை. நடுவில் போனது 34 ஆண்டு. ஆராய்ச்சிக்கு யாருடைய ரத்தம் முதலில் கிடைத்தது என்பதில்தான் இந்த 34 ஆண்டும் அடங்கியிருக்கிறது.

இதற்கு நேரெதிரான கதையும் ஒன்று உண்டு. ஆப்பிரிக்க மரபு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு டஃபி நல் என்ற ரத்த வகை இருக்கும். தொற்றை எதிர்க்கும் வெள்ளணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை அவர்களுக்கு பிறவியிலேயே சற்றுக் குறைவு, ஆனால் அதனால் தொற்று கூடுவதில்லை. நீங்கள் வைத்திருக்கும் எண்ணிக்கை வரம்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய மரபினரைப் பார்த்து வைத்தவை. விளைவு என்ன? நன்றாக இருக்கும் குழந்தைக்கு, எண்ணிக்கை குறைவு என்று மருந்தைக் குறைக்கிறோம், ஒரு வாரம் நிறுத்துகிறோம், ஆய்விலேயே சேர்க்காமல் விடுகிறோம். பணமும் இல்லை, மருந்தும் குறைவு. இரண்டும் ஒரே குழந்தையின் தலையில் விடிகிறது. அப்புறம் கணக்கெடுக்கும்போது இந்த இனத்தவரிடம் விளைவு சரியில்லை என்று எழுதுகிறோம்.

அடுத்து, சிகிச்சையை நடுவில் விட்டுப் போனவர்கள். தொடர்ந்து நான்கு வாரம் அல்லது அதற்கு மேல் வராவிட்டால் அது கைவிடல் என்று சர்வதேசக் குழந்தைப் புற்றுநோயியல் சங்கத்தின் பணிக்குழுவே 2011-இல் வரையறுத்திருக்கிறது. நல்ல வரையறை. ஆனாலும் இன்றும் பல கட்டுரைகளில் விட்டுப் போன குழந்தைகளைத் தொடர்பு அறுந்தவர்கள் என்று ஒதுக்கிவிட்டு, மிச்சமிருப்பவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்குக் காட்டுகிறார்கள். லுகேமியா சிகிச்சையைப் பாதியில் விட்ட குழந்தை எங்கே இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் குழந்தையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மருத்துவமனையின் சதவீதம் அழகாகிவிடும்.

விட்டுப் போவதைத் தடுக்க முடியுமா? முடியும் என்று செய்து காட்டியது பிரேசிலின் ரெசிஃபி நகரம். 1980-களில் அங்கே லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா வந்த குழந்தைகளில் 16 சதவீதம் பேர் சிகிச்சையைப் பாதியில் விட்டார்கள். ஐந்தாண்டு நோயின்றிக் கடந்தவர்கள் 32 சதவீதம். 1997-க்கும் 2002-க்கும் இடையில் விட்டுப் போனவர்கள் 0.5 சதவீதம், கடந்தவர்கள் 63 சதவீதம். இடையில் மாயமருந்து எதுவும் வரவில்லை. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு, பயிற்சி பெற்ற செவிலியர், ஒழுங்கான புரோட்டோகால், இவற்றோடு குடும்பம் தங்க இடம், சாப்பாடு, போக்குவரத்துச் செலவு, வராதவர்களைத் தேடிப் போகும் சமூக சேவகர் என்று எல்லாம் சேர்ந்தே வந்தன. இதில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துக் காட்டு என்பீர்கள். நியாயமான கேள்வி. பிரித்துக் காட்டும் ஆய்வை வடிவமைக்கத் தெரிந்தவர்கள் உலகில் உங்களைவிட வேறு யாரும் இல்லை.

இனி உங்கள் தரப்பின் வலுவான மறுப்புக்கு வருகிறேன். ஒரு மூத்த மருத்துவர் என்னிடம் நேரடியாகவே சொன்னார்: நாங்கள் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர்கள், ஏழ்மைக்கு இல்லை. அவர் களைத்திருந்தார், சொன்னதில் கோபம் இல்லை. நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். 1970-களில் லுகேமியா குணமாகிக்கொண்டிருந்த குழந்தைகள் நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றில் செத்துக்கொண்டிருந்தார்கள். கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் அதைத் தடுக்கலாம் என்று வால்டர் ஹியூஸ் 1977-இல் நிரூபித்தார். அது ஒரு புற்றணுவைக்கூடக் கொல்லாத மருந்து. அதற்காக, எங்கள் வேலை புற்றுநோய், தொற்று இல்லை என்று யாரும் சொல்லவில்லை. புரோட்டோகாலில் ஒரு வரியாக ஏற்றினீர்கள். இன்று அதை எழுதாமல் விட்டால் குற்றம். வாந்தி மருந்தும் அப்படித்தான் உள்ளே வந்தது, பிளேட்லெட் ஏற்றுவதும் அப்படித்தான். குழந்தை சாவதற்கு எது காரணமோ அது உங்கள் ஆவணத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பது நீங்களே வைத்த விதி. வண்டிச் செலவுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

இது புதுசாக நான் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. போனாவின் குழு, சாப்பாடு, வீடு, மின்சாரம் போன்றவற்றில் குடும்பத்துக்கு உள்ள தட்டுப்பாட்டை லுகேமியா ஆய்வின் பகுதியாகவே கேட்டுப் பதிவு செய்யத் தொடங்கியது. மளிகையையும் போக்குவரத்தையும் சிகிச்சைத் தலையீடாக வைத்து, குலுக்கல் முறையில் குடும்பங்களைப் பிரித்துச் சோதித்தார்கள். பணத்தை நேரடியாகக் கையில் கொடுத்துப் பார்க்கும் ஆய்வையும் தொடங்கியிருக்கிறார்கள். மருந்தைச் சோதிப்பது போலவே சோற்றையும் சோதிக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. இதை ஒரு குழுவின் தனி ஆர்வமாக விட்டுவிடாமல் எல்லாக் குழுக்களும் வழக்கமாக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மருந்து கிடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தொடங்கிய முயற்சியின் இலக்கு, 2030-க்குள் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்பது. அதன் தொடர்ச்சியாக, செயின்ட் ஜூடின் 20 கோடி டாலர் உதவியோடு, தரமான புற்றுநோய் மருந்துகளை இலவசமாக அனுப்பும் ஏற்பாடு 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் முதல் மருந்துகள் போயின. நல்ல செய்தி. ஆனால் மருந்து தலைநகர மருத்துவமனையின் ஃபார்மஸி வரைதான் போகும். அங்கிருந்து குழந்தையின் நாக்கு வரை உள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்த மடல் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாத்திரை நாக்குக்குப் போய்ச் சேரவே நடைமுறையில் சில விஷயங்களைக் கேட்கிறேன். நோய் கண்டறியும் வாரத்தில் நிரப்பும் படிவத்தில் இந்தக் கேள்விகளையும் சேருங்கள்: போன மாதம் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்ததா, வாடகையோ மின்கட்டணமோ பாக்கி இருக்கிறதா, மருத்துவமனைக்கு வர எவ்வளவு நேரம் எதில் வருகிறீர்கள், இரவு மாத்திரையை யார் கொடுக்கப் போகிறார்கள், எந்த மொழியில் பேசினால் உங்களுக்கு எளிது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. பதிலைக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது கேட்காமல் இருப்பதைவிட மோசம் என்பதால், பதிலுக்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் புரோட்டோகாலிலேயே எழுதுங்கள். ஆய்வின் பட்ஜெட்டில் மரபணுப் பரிசோதனைக்கு ஒரு வரி இருப்பது போல இதற்கும் ஒரு வரி இருக்கட்டும். பெரிய கணக்கில் இது நஷ்டமும் இல்லை. குழந்தைப் புற்றுநோய்க்குச் செலவிடும் ஒரு டாலர் மூன்று டாலராகத் திரும்பும் என்று 2020-இல் லான்செட் ஆன்காலஜி என்ற மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது.

முடிவுகளை வெளியிடும்போது ஒட்டுமொத்த சதவீதத்தை மட்டும் போடாதீர்கள். வறுமை, இனம், மொழி, தூரம் என்று பிரித்தும் போடுங்கள். விட்டுப் போன குழந்தைகளைத் தோல்வியின் பக்கம் எண்ணுங்கள், அது உங்கள் எண்ணைக் குறைத்தாலும். எண்ணிக்கை வரம்புகளை எல்லா மரபினரையும் வைத்துத் திருத்துங்கள். ஒப்புதல் படிவம் குடும்பத்தின் மொழியில் இல்லாததால் ஆய்வில் சேர முடியாமல் போகும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு ஆய்வும் வெளியிட வேண்டும். இந்த எண்ணை ஒருமுறையாவது அச்சில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இவற்றில் எதற்கும் புது மருந்து தேவையில்லை. அடுத்த புரோட்டோகாலின் வரைவை எழுத உட்காரும்போது, மேசையில் ஒரு நாற்காலியைச் சமூக சேவகருக்கும், இன்னொன்றைச் சிகிச்சை முடித்த பிள்ளையின் தாய்க்கோ தகப்பனுக்கோ போடுங்கள். மருத்துவமனைக்கு வர இரண்டு பஸ் மாறியவராகப் பார்த்துக் கூப்பிடுங்கள். கேள்விகளை மொழிபெயர்க்கவும், படிவத்தைக் குடும்பங்களிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்கள் ஏறக்குறைய எல்லா வார்டிலும் இருக்கிறோம். சம்பளம் கேட்க மாட்டோம், ஆனால் வரைவை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அகராதி வைத்துப் படிக்க எங்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இப்படிக்கு,
குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுத் தன்னார்வலன் ஒருவன்